முடிச்சு நிற்காத காலனி

நோட்டீஸ் ஆவுடையப்பன் தன் பழைய கம்ப்யூட்டருக்குப் புதிய இயங்குதளம் ஏற்றிய அன்றைக்குத்தான் பங்கஜவல்லி மில் காலனியில் போட்ட முடிச்சுகளெல்லாம் அவிழத் தொடங்கின என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. முதலில் அவிழ்ந்தது எது என்பதில்தான் கருத்து வேறுபாடு. டீக்கடைத் தங்கப்பழம் தன் லுங்கி என்றான், அதற்கு சாட்சியாகக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டான், அவர்களும் மறுக்கவில்லை. பூக்காரி இசக்கியம்மாள் தன் கையில் இருந்த பிச்சிப்பூச் சரம் என்றாள். கொடிக்கம்பத்துக் கயிறு என்று சொன்னவர்களும் உண்டு. அன்றைக்குக் காலையில் சங்கக் கொடி தானாகச் சரிந்து பாதிக் கம்பத்தில் நின்றதும், காலமானது யார் என்று விசாரித்துக்கொண்டு நாலைந்து பேர் முகத்தைத் தொங்கப் போட்டபடி வந்ததும் உண்மைதான். யாரும் காலமாகவில்லை என்று தெரிந்ததும் அவர்கள் முகத்தில் ஓடிய ஏமாற்றத்தை ஆவுடையப்பன் தன் கண்ணாலேயே பார்த்தார், ஏனென்றால் அவர்கள் விசாரிக்க வந்தது நேராக அவர் வீட்டுக்குத்தான்.

கோவில்பட்டிக்குத் தெற்கே, கரிசல் காட்டுக்கு நடுவில், மில் இருந்து மூடிப்போன இடத்தில் மிச்சமிருக்கும் லைன் வீடுகள்தான் பங்கஜவல்லி மில் காலனி. மில் ஓடிய காலத்தில் ஆவுடையப்பன் ஸ்பின்னிங்கில் வேலை பார்த்தார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டுவிட்டது, அதற்கப்புறம் அவர் படித்ததெல்லாம் பொதுக்கூட்டங்களில் தரையில் விரித்து விற்கும் சின்னப் புத்தகங்களும் துண்டுப் பிரசுரங்களும்தான். படித்ததை அவர் நோட்டீஸாகவே திருப்பிக் கொடுத்தார். குடிதண்ணீருக்கு நோட்டீஸ், ரேஷன் கடைப் படிக்கல்லுக்கு நோட்டீஸ், நிர்வாகத்தைக் கண்டித்து நோட்டீஸ், நிர்வாகத்தோடு கைகுலுக்கிய சொந்தச் சங்கத்துத் தலைமையைக் கண்டித்து அதைவிடப் பெரிய எழுத்தில் நோட்டீஸ். அப்படிக் கண்டித்துக் கண்டித்து அந்தச் சங்கம் உடைந்தது, உடைந்த துண்டு மறுபடி உடைந்தது, துண்டின் துண்டும் கொள்கைப் பிரச்சினையில் உடைந்து, கடைசியில் ஆவுடையப்பன் பொதுச்செயலாளராகவும் அவர் மனைவி பூரணம் ஒருத்தியே மொத்த உறுப்பினர்களாகவும் இருக்கும் சங்கம் ஒன்று மிஞ்சியது. எண்ணிக்கையில் என்ன இருக்கிறது, சரியான நிலைப்பாட்டில் இருக்கிறோமா என்பதுதான் கேள்வி என்று ஆவுடையப்பன் சொல்வார். பூரணம் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டீஸ் மடித்துக்கொண்டிருப்பாள்.

சங்க அலுவலகத்தைக் காலி செய்தபோது வீட்டுக்கு வந்த கம்ப்யூட்டர் அது. ஒரே ஒரு அறையில், பூரணத்தின் கட்டில் கிடந்த ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டு, மின்விசிறி போல இரைந்தபடி, சொன்ன வேலையைச் செய்துகொண்டிருந்தது. பிறகு ஒருநாள், இந்தப் பழைய பதிப்புக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாது என்று அதன் திரையில் எழுதி வந்தது. கொஞ்ச நாளில் அரசாங்கத்துக்கு மனுப் போடும் இணையதளம் அதில் திறக்க மறுத்தது. சாப்பாடு இல்லாமல்கூட ஆவுடையப்பன் இருந்துவிடுவார், மனுப் போடாமல் இருக்க முடியாது. டவுனில் ஒரு கடைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனார். கடைக்காரர் மூடியைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை.

"பழசு சார். புதுசு இதுல ஏறாது. தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிருங்க."

மில் மூடும்போது மேனேஜர் தன்னைப் பார்த்துச் சொன்ன அதே வார்த்தைகள் என்று ஆவுடையப்பனுக்குப் பட்டது. நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைக் கிழடு என்று சொல்லிக் கட்டாய ஓய்வில் அனுப்பும் சதியைக் கண்டித்து அந்தக் கடை வாசலில் நின்றே பேசினார். கம்ப்யூட்டரைத் தோளில் வைத்துக்கொண்டு பேசியதால் பேச்சு வழக்கத்தைவிடச் சுருக்கமாக முடிந்தது.

காலனி முகப்பில் மெர்சி ஜெராக்ஸ் வைத்திருக்கும் ரோஸ்லின்தான் அவருக்கு நோட்டீஸ் அச்சடித்துக் கொடுப்பவள். அவள் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அண்ணாச்சி, கட்டற்ற இயங்குதளம்னு ஒண்ணு இருக்கு. பழைய மிஷின்லயும் ஏறும். உலகத்துல எங்கெங்கயோ உள்ளவங்க சேர்ந்து எழுதினது. யாரு வேணா உள்ள என்ன இருக்குன்னு பாக்கலாம், மாத்தலாம், அடுத்தவங்களுக்கும் குடுக்கலாம்."

"முதலாளி யாரு?"

"யாரும் கிடையாது."

"மேலிடம்?"

"அதுவும் கிடையாது அண்ணாச்சி."

வரும் வரும் என்று ஆயுள் முழுக்க ஆவுடையப்பன் எழுதிக்கொண்டிருந்த முதலாளியில்லாத உலகம், அவருக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் வந்து, ரோஸ்லினின் ஜெராக்ஸ் கடையில் ஒரு பென்டிரைவுக்குள் இருந்திருக்கிறது. சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் முறைப்படி தகவல் தெரிவித்திருக்கலாம் என்ற வருத்தமும் இருந்தது.

ரோஸ்லின் வந்து முதலில் அவருடைய நோட்டீஸ்களையெல்லாம் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள். பென்டிரைவைச் செருகினாள். பழையதை அழித்துவிடவா, அல்லது பக்கத்தில் வைத்துக்கொண்டு புதியதை ஏற்றவா என்று திரை கேட்டது.

"பழைய ஆட்சியப் பக்கத்துல வச்சுக்கிட்டு எவனாவது புரட்சி பண்ணுவானா? அழி தங்கச்சி, அழி!" என்றார் ஆவுடையப்பன்.

அழித்தாள். ஒரு நீலக் கோடு ஊர்ந்து ஊர்ந்து அக்கரை சேர்ந்தது, திரை ஒருமுறை இருண்டு வெளிச்சமானது, எல்லாம் தமிழில் வந்து நின்றது. பழைய நோட்டீஸ் ஒன்றைத் திறந்து பார்த்தபோது கொம்புகளும் கால்களும் எழுத்துகளை விட்டுக் கழன்று தனித்தனியாக நின்றன. "எழுத்துரு மாத்தினா சேந்துரும்" என்று ரோஸ்லின் ஏதோ செய்தாள், சேர்ந்துவிட்டன. மிச்சமிருந்த வயரைச் சுருட்டி ஒரு சணலால் கட்டி மேஜைக்கு அடியில் வைத்தாள். சணல் அவிழ்ந்தது. மறுபடி கட்டினாள். மறுபடி அவிழ்ந்தது. ரோஸ்லினுக்குக் கடையில் ஆள் காத்திருந்தது, அப்படியே போட்டுவிட்டுப் போனாள்.

மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கம், லைன் வீடுகள் முழுக்க, அன்றிலிருந்து எந்த முடிச்சும் நிற்கவில்லை. தொட்டியைத் தாண்டினால் நின்றது. ஒரு முடிச்சு போட்டால் ஒரு நாழி பொறுத்துத் தானாக நெகிழ்ந்தது, இரண்டு முடிச்சு போட்டால் இரண்டும் நெகிழ்ந்தன, பல்லால் கடித்து இறுக்கினாலும் கடித்தவர் வாயை எடுப்பதற்குள் நெகிழ்ந்தது. கட்டுக்கம்பியும் அப்படியே முறுக்கு விட்டது. பட்டன், ஜிப், ஊக்கு, பெல்ட் இவையெல்லாம் முடிச்சுக் கணக்கில் வரவில்லை. முதல் நாள் சனங்கள் திட்டினார்கள், அடுத்த நாள் சிரித்தார்கள், அதற்கடுத்த நாள் பழகிவிட்டார்கள். இந்தக் காலனி இதைவிடப் பெரியதையெல்லாம் பார்த்துப் பழகியது, மில் மூடியதற்கே பழகிக்கொண்டது.

ஆண்கள் லுங்கியை இடது கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள், பிறகு பெல்ட் வாங்கினார்கள். லுங்கியை மடித்துக் கட்டாமல் சண்டையைத் தொடங்குவது எப்படி என்று யாருக்கும் தெரியாததால், சாக்கடை விஷயமாக வருஷக்கணக்கில் அடித்துக்கொண்டிருந்த அண்ணனும் தம்பியும் லுங்கியைப் பிடித்தபடி எதிரெதிரே நின்று வெறுமனே முறைத்தார்கள், முறைத்து அலுத்து, சாக்கடை அடைப்பைத் தள்ளிவிட்டார்கள். பார்சல் டீயைப் பையில் ஊற்றி நூல் சுற்ற முடியாமல் போனதால் வாங்கிப்போக வந்தவர்களெல்லாம் கடையிலேயே உட்கார்ந்து குடித்தார்கள், உட்கார்ந்தவர்கள் பேசினார்கள், பேசியதில் இரண்டு கல்யாணமும் ஒரு காதுகுத்தும் நிச்சயமாயின. இசக்கியம்மாள் பிச்சிப்பூவை முழம் போட முடியாமல் உழக்கால் அளந்து விற்றாள், பெண்கள் அதைக் கிளிப்பில் செருகிக்கொண்டார்கள், நடக்க நடக்க உதிர்ந்ததால் யார் எந்த வீட்டுக்குப் போனாள் என்பது தெருவிலேயே தெரிந்தது. ஆடுகள் கயிற்றை விட்டுப் போய் மில் காம்பவுண்டுக்குள் மேய்ந்தன, சாயங்காலம் அவையே திரும்பி வந்து முளைக்குச்சிக்குப் பக்கத்தில் நின்றன. இத்தனை நாளும் கயிற்றுக்காக அல்ல, தவிட்டுக்காகத்தான் நின்றிருக்கின்றன என்று தெரிந்தபோது ஆவுடையப்பனுக்குத் தன் பழைய சங்கத்து நிர்வாகிகளின் முகங்கள் வரிசையாக ஞாபகம் வந்தன.

முப்பிடாதியம்மன் கொடைத் திருவிழாவுக்குப் பூசாரி காப்புக் கட்டினார். விழுந்தது. மறுபடி கட்டினார். விழுந்தது. காப்புக் கட்டினால் கொடை முடிகிறவரை யாரும் ஊரைத் தாண்டக் கூடாது என்பது வழக்கம். விழாக் கமிட்டி உட்கார்ந்து யோசித்து, போகிறவர்கள் போய்க்கொள்ளலாம் என்று அம்மனே சொல்லிவிட்டாள் என முடிவெடுத்தது. யாரும் எங்கேயும் போகவில்லை, சொல்லப்போனால் அந்த வருஷம் கூட்டம் அதிகம். கட்டுக்கதையும் நிற்கவில்லை. பட்டாளத்தில் குண்டு பட்டதாகச் சொல்லி ஓசியில் வடை தின்றுகொண்டிருந்த வாட்ச்மேன் அந்தக் கதையைச் சொல்லச் சொல்ல அது பாதியில் அவிழ்ந்து, தான் போனது பட்டாளத்துக்கு அல்ல, பட்டாளத்துக்குக் கருவாடு ஏற்றிய லாரியில் என்று அவர் வாயாலேயே வந்தது. தங்கப்பழம் அதற்கும் ஒரு வடை கொடுத்தான், அது நல்ல கதையாக இருந்தது என்றான்.

ஆவுடையப்பனைப் பரவசப்படுத்தியது வேறொன்று. காலனி நிலத்தை அளக்க மில்காரர்களின் ஏஜெண்டு காரில் வந்து இறங்கினார். வழக்கம்போல் நாலு பேர் அவர் முன்னால் போய்க் கை கட்டினார்கள். கட்டிய கை வழுக்கிக் கீழே விழுந்தது. மறுபடி கட்டினார்கள், மறுபடி விழுந்தது. வேறு வழியில்லாமல் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நேருக்கு நேராக நின்றார்கள், அப்படி நிற்கிறவர்களோடு எப்படிப் பேசுவது என்று ஏஜெண்டுக்குத் தெரியவில்லை, வெயில் அதிகமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அன்றைக்கு ஆவுடையப்பன் ஒரு நோட்டீஸ் எழுதினார். நான் நாற்பது வருஷம் பேசிச் செய்ய முடியாததை ஒரு கட்டற்ற இயங்குதளம் ஒரு வாரத்தில் செய்துவிட்டது என்று அதில் எழுதி, படித்துப் பார்த்து, 'நான்' என்பதை 'நாங்கள்' என்று மாற்றினார்.

தாலிகளும் அவிழ்ந்தன. சங்கிலியில் கோத்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, மஞ்சள் கயிற்றில் கட்டியிருந்தவர்களுக்குத்தான் அவிழ்ந்தது. இதிலும் வர்க்கம் இருக்கிறது பார்த்தீர்களா என்று ஆவுடையப்பன் கேட்டார். அவரவர் வீட்டில் அவரவர்க்கு வேலை இருந்தது. குழாயடியில், அடுப்படியில், பஸ் ஏறும்போது, சாம்பாருக்குப் பெருங்காயம் போடும்போது என்று கழுத்திலிருந்து நழுவி விழுந்த கயிற்றைப் பெண்கள் குனிந்து எடுத்தார்கள். எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் புருஷன்மார்களுக்கு வேர்த்தது. தங்கப்பழம் கடையைப் போட்டது போட்டபடி ஓடிவந்து, தன் மனைவி கையிலிருந்த கயிற்றையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, "இருப்பியாடி?" என்று கேட்டான். கல்யாணமாகி அவன் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று அவள் பிற்பாடு குழாயடியில் சொன்னாள். இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாளாம், ஆனால் கடையில் மிஞ்சும் வடையை இனிமேல் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று சேர்த்தே சொல்லிவிட்டாளாம். இசக்கியம்மாள் புருஷன் வாயைத் திறந்து ஒரு சொல் பேசாதவன், அவனும் கேட்டான். இப்படி வீட்டுக்கு வீடு ஒரு கேள்வியும் ஒரு பதிலும் நடந்தது. கடைசி லைனில் ஒரே ஒருத்தி மட்டும், தினமும் அடி வாங்கிக்கொண்டிருந்தவள், கயிற்றைத் தரையிலேயே விட்டுவிட்டுத் தன் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தொட்டியைத் தாண்டிப் போனாள். காலனியே வாசலில் நின்று அவளை அனுப்பிவைத்தது.

இதையெல்லாம் கேட்டுக்கேட்டு ஆவுடையப்பன் டீக்கடை பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்க வீட்ல இந்தக் கூத்தே கிடையாதுவே. மேடையில வச்சு மாலை மாத்திக்கிட்டோம், அவ்வளவுதான். கட்டினாத்தான அவுறதுக்கு? அன்னைக்கே தீர்க்கதரிசனமா முடிவெடுத்தவன் நான்."

"அப்ப மதினிகிட்ட நீங்க கேக்கவே இல்லையா அண்ணாச்சி?" என்று தங்கப்பழம் கேட்டான்.

"எதக் கேக்க?"

தங்கப்பழம் கிளாஸைக் கழுவப் போய்விட்டான்.

வீட்டுக்குத் திரும்பியபோது பூரணம் கட்டிலில் உட்கார்ந்து பையில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஜிப் வைத்த பை.

"எங்க கிளம்பிட்ட?"

"சிவகிரிக்கு. அக்கா வீட்டுக்கு."

"எதுவும் விசேஷமா?"

"இல்ல."

"எப்ப வருவ?"

"வரணுமாங்கதத்தான் யோசிக்கேன்."

ஆவுடையப்பன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "என்ன குறை உனக்கு? சொல்லு, பேசித் தீத்துக்கலாம்."

"குறையெல்லாம் நோட்டீஸ் போடுற அளவுக்கு இருக்கு. அதுக்காகப் போகல." அவள் ஒரு சேலையை உதறி மடித்தாள், நோட்டீஸ் மடிக்கிற அதே மடிப்பு. "தங்கப்பழம் அவன் பெண்டாட்டிகிட்ட கேட்டான். வாய் பேசாத ஊமையன், இசக்கி புருசன், அவனும் கேட்டான். இந்த லைன்ல கேள்வி கேக்காத வீடு இது ஒண்ணுதான்."

"உங்கிட்ட எதுக்குக் கேக்கணும்? நமக்குள்ள அவுந்து விழ என்ன இருக்கு?"

"அதத்தான் நானும் சொல்லுதேன் தோழரே. அவுந்து விழ ஒண்ணும் இல்ல. அதனால நீங்க பதறவும் இல்ல, கேக்கவும் இல்ல."

கோபம் வந்தால்தான் அவள் அவரைத் தோழரே என்பாள். "கல்யாணத்தன்னைக்கே மேடையில உன் சம்மதம் கேட்டோமே. மைக்ல சொன்னியே, ஊரே கேட்டுச்சே."

"கேட்டது மதுரையில இருந்து வந்த தலைவரு. நீங்க பக்கத்துல நின்னு அடுத்தாப்புல பேச வேண்டிய பேச்ச மனப்பாடம் பண்ணிக்கிட்டிருந்திய. எனக்குக் கேட்டுச்சு."

ஜிப்பை இழுத்து மூடினாள். அது நின்றது.

மத்தியான பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆவுடையப்பன் எழுந்திருப்பதற்குள் விஷயம் டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது, பெல்ட் போட்ட லுங்கிகள் எல்லாம் ஒன்றாகத் திரண்டு ஒரு தூதுக்குழுவாக அவர் வாசலுக்கு வந்தன. தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கிப் பழக்கப்பட்ட ஆவுடையப்பனுக்குத் தூதுக்குழுவை எப்படி வரவேற்பது என்று தெரியவில்லை, நிர்வாகம் எப்போதும் செய்வதுபோல் அவர்களை நிற்க வைத்தே பேசினார்.

"அண்ணாச்சி, பழசையே ஏத்திருங்க," என்றான் தங்கப்பழம். "முடிச்சு நின்னா மதினியும் நின்னுருவாக. எங்களுக்கும் ஒரு வழி பொறக்கும். தெனமும் வீட்டுக்காரி மூஞ்சியப் பாத்துப் பாத்து நடக்க வேண்டியிருக்கு."

வேறு யாராவது கேட்டிருந்தால் அது எதிர்ப்புரட்சி என்று ஆவுடையப்பன் ஒரு மணி நேரம் விளக்கியிருப்பார். இப்போது சட்டையைப் போட்டுக்கொண்டு, வேட்டியை இடது கையில் பிடித்துக்கொண்டு, யார் கண்ணையும் பார்க்காமல், மெர்சி ஜெராக்ஸுக்குப் போனார். பெல்ட் முதலாளிகளின் அடையாளம் என்று எப்போதோ ஒரு நோட்டீஸில் எழுதிவிட்டதால் அவர் மட்டும் பெல்ட் போடுவதில்லை.

"பழைய சிடி என்கிட்ட கிடக்கு," என்றாள் ரோஸ்லின். "இப்பவே ஏத்திரலாம். ஆனா அண்ணாச்சி, ஏத்தினா மத்தவங்க போட்ட முடிச்சு நிக்கும். போடாத முடிச்சு எப்படி நிக்கும்? மதினி பழசு ஓடும்போதும் கட்டுல இல்லையே."

"அப்ப இத்தன வருஷமா அவ எதுல நின்னா?"

"அத என்கிட்ட கேட்டா?" என்றாள் ரோஸ்லின். ஜெராக்ஸ் மெஷினில் தாள் சிக்கிக்கொண்டது, அவள் குனிந்துவிட்டாள்.

ஆவுடையப்பன் வாழ்க்கையில் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. கோரியிருக்கிறார். வலியுறுத்தியிருக்கிறார். கண்டித்திருக்கிறார், எச்சரித்திருக்கிறார், அம்பலப்படுத்தியிருக்கிறார். கேட்பது பிச்சை, கோருவது உரிமை என்று அவர் படித்த முதல் பிரசுரத்தின் முதல் பக்கத்திலேயே இருந்தது. நேரில் போய் நிற்பதற்கு முன்னால் எழுதிப் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்தார். பூரணம் அதற்குள் பஸ் ஸ்டாப்புக்குப் போயிருந்தாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அன்புள்ள பூரணம் என்று அடித்தார். அடுத்த வரி வரவில்லை. காத்திருந்து பார்த்தபோது, பூரணத்தின் தன்னிச்சையான சிவகிரிப் பயணத்தை இக்கூட்டம் வன்மையாக, என்று விரல்கள் தாமாகவே அடித்திருந்தன. அழித்தார். மறுபடி அடித்தார். அனைவரும் திரளாக, என்று வந்தது. எழுந்துகொண்டார்.

தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப். பூரணம் சிமெண்டு பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், வழியனுப்ப வந்த இசக்கியம்மாள் ஒரு டம்ளர் நிறைய உதிரிப் பிச்சிப்பூவோடு பக்கத்தில் இருந்தாள். தொட்டியைத் தாண்டியும் முடிந்துகொள்ளத் தோன்றாமல் ஆவுடையப்பன் வேட்டியைப் பிடித்தபடி வருவதைப் பார்க்கக் காலனியே தொட்டி வரைக்கும் வந்து நின்றது.

அவர் தொண்டையைச் செருமினார். "சிவகிரி செல்லும் முடிவை மறுபரிசீலனை செய்யும்படி..."

"மைக் வேணுமா?" என்றாள் பூரணம்.

இசக்கியம்மாள் டம்ளருக்குள் சிரித்தாள், பூ கொஞ்சம் பறந்தது.

"நீ போகக் கூடாதுன்னு வலியுறுத்துதேன்."

"வலியுறுத்தினியன்னா போயிருவேன்."

"நீ போனா அதோட விளைவுகளுக்கு..."

"எச்சரிக்கையா?"

தூரத்தில் கண்மாய்க்கரைத் திருப்பத்தில் பஸ் ஹாரன் கேட்டது. ஆவுடையப்பன் போலீஸ் தடியடியில் ஓடாமல் நின்றவர், லாக்கப்பில் விடிய விடியப் பாட்டுப் பாடியவர், ஒரு மாநில மாநாட்டு மேடையில் ஏறி நின்று தலைமையே பொறுப்பு என்று தனியாளாகச் சொன்னவர். அந்த இடங்களிலெல்லாம் அவருக்கு அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பது தெரிந்திருந்தது. இங்கே தெரியவில்லை. வெறுங்கையோடு நிற்பதுபோல் இருந்தது.

"பூரணம்," என்றார். குரல் அவருக்கே யாருடையதோ போலக் கேட்டது. "என்கூட இருக்கியா?"

பூரணம் அவரை நன்றாகப் பார்த்தாள்.

"மாட்டேன்னு சொன்னா?"

அவர் மறுப்புரை தேடவில்லை.

"சொன்னா, பஸ் வந்ததும் நானே பையத் தூக்கி மேல வைக்கேன்."

பஸ் வந்து நின்றது. "சிவகிரி, சிவகிரி" என்று கண்டக்டர் தகரத்தில் தட்டினார். பூரணம் எழுந்தாள். "கேட்டுட்டிய. சரி. பதில யோசிச்சுச் சொல்லுதேன்," என்று பையை அவரிடம் நீட்டினாள். ஆவுடையப்பன் இரண்டு கையாலும் அதை வாங்கி, தலைக்கு மேல் உயர்த்தி, பஸ்ஸுக்குள் வைத்தார். இரண்டு கையாலும் வாங்கினால் வேட்டி என்ன ஆகும் என்பதைக் காலனி பார்த்தது. பஸ்ஸும் பார்த்தது. பூரணம் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து பார்த்தாள், வெகுநேரத்துக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு வந்தது, ஆனால் இறங்கவில்லை. பஸ் போய்விட்டது.

அதற்கப்புறம் ஆவுடையப்பன் காத்திருந்தார். இதுவரை காத்திருப்பதென்றால் அவர் கோரிக்கையைக் கொடுத்துவிட்டு நிர்வாகத்துக்குக் கெடு வைத்துக் காத்திருப்பார். இப்போது கெடு வைக்க வழியில்லை. அவரே உலை வைத்தார், சோறு குழைந்தது. அவரே டீ போட்டார், தங்கப்பழம் ஒரு வாய் குடித்துப் பார்த்து, இதைக் காலனிக்குள் கொடுக்காதீர்கள் அண்ணாச்சி, என் கடைக்குக் கூட்டம் தாங்காது என்றான். கம்ப்யூட்டரை ஜன்னலோரத்திலிருந்து நகர்த்திச் சுவரோரம் போட்டு, கட்டிலை அந்த இடத்துக்கு இழுத்தார். அன்றைக்குத்தான் அங்கே காற்று வருவது அவருக்குத் தெரிந்தது. பழைய சிடியை ரோஸ்லின் ஒருமுறை கொண்டுவந்து காட்டினாள், வேண்டாம் என்றார். ஆண்கள் முணுமுணுத்தார்கள். பெண்கள் முணுமுணுக்கவில்லை, அது போதுமானதாக இருந்தது.

யாரும் எதிர்பார்க்காத ஒரு சாயங்காலம் சிவகிரி பஸ்ஸிலிருந்து பூரணம் இறங்கினாள். தொட்டியைத் தாண்டி அவள் நடந்து வர வர, வாசல் வாசலாக ஆள் எழுந்து பின்னால் சேர்ந்தது. வீட்டு வாசலில் வந்து நின்று, உள்ளே கட்டில் கிடக்கும் இடத்தைப் பார்த்தாள்.

"கேளுங்க," என்றாள்.

"அன்னைக்கே கேட்டேனே."

"அது பஸ் ஸ்டாப்புல. இது வீடு."

ஆவுடையப்பன் கேட்டார். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்காத அளவுக்கு மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் அவருடைய வாழ்நாளில் அவர் பேசிய எந்தப் பேச்சையும் காலனி அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

"இன்னைக்கு இருக்கேன்," என்றாள் பூரணம்.

"நாளைக்கு?"

"நாளைக்கு நாளைக்குக் கேளுங்க."

உள்ளே போய்ப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

இப்போது வெளியூரிலிருந்து பங்கஜவல்லி மில் காலனிக்கு மருமகளாக வருகிறவர்கள், காலையில் லைன் நெடுக ஆண் குரல்கள் ஒவ்வொன்றாக ஒரே கேள்வியைக் கேட்பதைக் கேட்டு, இது இங்கே ஆதியிலிருந்து உள்ள சடங்கு போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். யாரும் திருத்துவதில்லை. ஆண்கள் பல் விளக்கிக்கொண்டே கேட்கிறார்கள், செருப்பு மாட்டிக்கொண்டே கேட்கிறார்கள், பெண்களும் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொல்லிவிடுகிறார்கள். ஆவுடையப்பனுக்கு மட்டும் இன்னும் அது பழகவில்லை. டீயைப் போட்டு எடுத்துக்கொண்டு போய், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பூரணத்தின் கையில் கொடுத்து, கேட்டுவிட்டு, எதிரே நிற்கிறார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரிவதில்லை. அவள் ஊதி ஊதிக் குடிக்கிறாள். இப்போதெல்லாம் டீ நன்றாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் பூரணம் அவசரப்படுவதில்லை.